இசைவாணிக்கு நடத்திய பாடம்

என்னங்க,

மஸ்கட்டில் இருந்துகொண்டே பக்கத்து வீட்டு இசைவாணிக்கு வீடியோ காலில் ஒரு மணி நேரம் பாஸ்வேர்டு பாடம் நடத்தினீர்களாமே! நடவு வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது அவளே சொன்னாள். "அண்ணன் என்ன பொறுமையா சொல்லித் தந்தாங்க! உங்களுக்கும் சொல்லியிருப்பாங்கல்லக்கா?"

"ஆமா" என்று பொய் சொன்னேன்.

நான் கேட்டபோது, "உனக்கெதுக்கு? வர்ற லிங்க் எதையும் தொடாம இரு, போதும்" என்று போனை வைத்தவர் நீங்கள்.

பிறகு மனம் கேட்காமல், மறந்துபோனதாகச் சொல்லி அவளிடமே கற்றுக்கொண்டேன். பிரியமானவர்களின் பெயரைப் பாஸ்வேர்டாக வைத்தால் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்களாம். ஆறு வருடமாக இருந்த உங்கள் பெயரை அன்றே எடுத்துவிட்டேன்.

புதியது என்னவென்று கேட்காதீர்கள். "புருஷன்கிட்டகூடச் சொல்லக் கூடாது" என்று அவளுக்குச் சொன்னவர் நீங்கள்தானே.

உங்கள் மனைவி