நோகாத சீட்

நானா,

ஆஸ்பத்திரி மரவாங்கில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விடிந்ததிலிருந்து எதுவும் சாப்பிடாமல் வந்து சோதனைக்கு இரத்தம் கொடுத்தாயிற்று. இனிப் பெயர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். யன்னலுக்கு வெளியே, மதிலோரம், என் பைக் நிற்கிறது. அதன் மேல் உங்கள் சீட். வெயில் ஏற ஏற, தென்னந்தும்பும் பழைய சாரத் துணியும் சேர்ந்த அந்த வாசம் இங்கேவரை வருவது போல இருக்கிறது. இவ்வளவு தூரம் வராது என்று எனக்கும் தெரியும். மூக்குக்குத்தான் தெரியவில்லை.

நேற்றுக் காலை தம்புள்ளைக்குப் போகும் வழியில், நாவுலையைத் தாண்டி, நாம் வழக்கமாக நிற்கும் மரநிழலில் பைக்கை நிறுத்தினேன். இறங்கிக் காலை உதறினேன். ஒரு வருஷமாக எங்கே நிறுத்தினாலும் உதறுகிறேன். பாதம் எரியும், விரல்களில் ஊசி குத்தும். நேற்று எரியவில்லை, ஊசியும் குத்தவில்லை. இரண்டு பாதமும் சொல்பேச்சுக் கேட்கும் பிள்ளைகள் மாதிரி அமைதியாக இருந்தன. வேறு யாராவது என்றால் அப்பாடா என்று மூச்சு விட்டிருப்பார்கள். நான் இன்னொரு தடவை, இன்னும் பலமாக உதறிப் பார்த்தேன். உங்கள் கால்களும் ஒரு நாள் இப்படித்தான் அமைதியாகின. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

நம்மைச் சேர்த்துவைத்தது பலாபத்வலைத் தேத்தண்ணிக் கடை. நீங்கள் மாத்தளை டவுன்காரர், இடுப்பில் உடுத்தும் சாரங்களை மொத்தமாக எடுத்து ரோட்டோரக் கடைகளுக்குப் போடுகிறவர். நான் இரத்தோட்டைப் பக்கத் தோட்டத்து ஆள், சீப்பு, கண்ணாடி, டோர்ச், பெட்டறி. சரக்குத்தான் வேறு. ரோடும் வெயிலும் ஒன்று. காலையில் அந்தக் கடையில் சந்தித்து ஒன்றாகவே கிளம்புவோம். பிளேன்டீயை ஒரு மிடறு உறிஞ்சிவிட்டு, உள்ளங்கையில் கொட்டிய சீனியை ஒரு நக்கு நக்குவீர்கள். எல்லாரும் செய்வதுதான். ஆனால் உங்கள் கை பெரிய கை. கடைக்காரர் உங்களைத் தூரத்தில் கண்டதுமே சீனிப் போத்தலை மேசையில் கொண்டுவந்து வைத்துவிடுவார்.

மற்ற வியாபாரிகள் கூடினால் அரசியல் பேசுவார்கள். நாம் பின்பக்கத்தைப் பற்றிப் பேசினோம். நாலந்தாவரை ஏதோ மரநிழல் இருக்கும். அதற்கப்பால் முகத்தில் அடிக்கும் காற்றே அடுப்படிக் காற்று. கடைக்குள் போய்ச் சரக்கைக் காட்டிவிட்டு வருவதற்குள் கறுப்புச் சீட் தோசைக்கல்லாகிவிடும். உட்கார முடியாது, நின்றுகொண்டு ஓட்டவும் முடியாது. நீங்கள் செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. முதலில் சாக்கை நனைத்துப் போட்டீர்கள். குளிர்ச்சிதான், ஆனால் இறங்கும்போது காற்சட்டை இருந்த நிலையைப் பார்த்துக் கலேவெலக் கடைக்காரர் ஒருவர் சிரித்த சிரிப்பில் அன்றோடு சாக்குப் போயிற்று. அடுத்தது சைக்கிள் டியூப். காற்றடித்துச் சீட்டுக்குள் வைத்துத் தைத்தீர்கள். வெயிலில் அது ஊதி, நீங்கள் யானைமேல் போகிறவர் மாதிரி எனக்கு முன்னால் உயர்ந்துகொண்டே போனீர்கள். நாலந்தாச் சந்தியில் அது வெடித்தபோது பொலிஸ்காரர் ஒருவர் குனிந்தே விட்டார். பிறகு லொறி டிரைவர்கள் போடும் மரமணி விரிப்பு. அது பதித்த தடத்தை வீட்டில் மதினி பார்த்துவிட்டு என்ன கேட்டார் என்பதை நீங்கள் கடை முழுக்கச் சொன்னீர்கள். இங்கே எழுத மாட்டேன்.

இப்படி நாம் சிரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் உங்கள் கால் எரியத் தொடங்கியது. எரிகிறது, எறும்பு ஊருகிறது, செருப்புக்குள் மணல் கிடக்கிறது போல இருக்கிறது என்பீர்கள். செருப்பைக் கழற்றி உதறினால் மணல் இருக்காது. அதற்கும் சீட்தான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டினீர்கள். சீட்டின் முன்விளிம்பு தொடையை அமுக்குகிறது, இரத்தம் கீழே இறங்க மாட்டேன் என்கிறது, அதனால் பாதம் கத்துகிறது. கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினோம். பகல் முழுக்கப் பைக்கில் இருக்கிறவனுக்கு எந்த நோவும் சீட்டிலிருந்துதான் வரும். முதுகு நொந்தால் சீட், இடுப்பு நொந்தால் சீட். நீங்கள் போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தீர்கள், வெயில் என்றோம். அடிக்கடி வண்டியை நிறுத்திப் பற்றைப் பக்கம் ஒதுங்கினீர்கள், அவ்வளவு தண்ணீர் குடித்தால் ஒதுங்கத்தானே வேண்டும் என்றோம். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் பெல்டில் புதிது புதிதாக ஓட்டை போட்டீர்கள், ரோட்டு அலைச்சல் என்றோம். ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் ஒரு பதில் இருந்தது.

கடைசியில் இரத்தோட்டையில் குஷன் வேலை செய்கிறவரிடம் உங்களைக் கூட்டிப்போனேன். அவர் ஸ்பொஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தும்பை அடுக்கடுக்காக வைத்து, நடுவில் குழித்து, முன்விளிம்பை நன்றாகச் சரித்து, மேலே உங்கள் சாரத் துணியிலேயே ஓர் உறை போட்டுக் கொடுத்தார். பார்ப்பதற்குச் சோற்று மூட்டைதான். உட்கார்ந்தால் தும்புக்குள் காற்றோடியது, வியர்வை தங்கவில்லை. ஒரு மழைக்காலம் கழிந்தது. வெயில் திரும்பிவந்த ஒரு காலையில் கடைக்குள் வந்து எல்லாருக்கும் தேத்தண்ணி சொன்னீர்கள்.

"சேவியர், கால் இப்ப ஒன்டும் செய்யல்ல. எரிவே இல்ல. சீட்டு வேல செஞ்சிரிச்சி."

அந்த மாதத்திலேயே அந்த ரோட்டில் ஓடும் வியாபாரிகள் வரிசையாக இரத்தோட்டைக்குப் போய்த் தும்புச் சீட் போட்டுக்கொண்டார்கள். எல்லாருக்கும் நீங்கள்தான் விளம்பரம்.

அதன் பின் ஒரு வெள்ளிக்கிழமை. நாவுலைக்கு அப்பால் அந்தச் சின்னப் பள்ளிவாசலில் நீங்கள் தொழப்போக, நான் வாசலில் பைக்குகளுக்குக் காவல். அங்கே தண்ணீர்க் குழாய் வெளியிலேயே, வெயிலில், தரையோடு தரையாக ஓடிவரும். நண்பகலில் முதலில் வரும் தண்ணீர் கொதிநீர். தொழுமுன் கைகால் கழுவி ஒளு செய்ய வருகிறவர்கள் பைப்பைத் திறந்துவிட்டு, அது ஆறும்வரை தள்ளி நிற்பார்கள். நீங்கள் பேசிக்கொண்டே போய்ப் பைப்பைத் திறந்து, ரோட்டுத் தூசி போக, வலது காலை நேரே கீழே நீட்டினீர்கள். கையை அதன்கீழ் இன்னும் கொண்டுபோகவில்லை. பக்கத்தில் நின்ற முதியவர் தெறித்த துளி பட்டுத் துள்ளி விலகினார். நீங்கள் காலை எடுக்கவில்லை. தண்ணீர் உங்கள் பாதத்தில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது, நீங்கள் அந்த முதியவரிடம் சுகம் விசாரித்துக்கொண்டிருந்தீர்கள். அவர் உங்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அவருக்கு ஏதோ புரிந்திருக்கிறது. எனக்கும் உங்களுக்கும் புரியவில்லை. திரும்பி வந்தபோது, வெயில் பழகிய தோல் என்று நீங்கள் சொல்ல, நானும் சிரித்தேன்.

அடுத்து வந்த நாட்களில் ஒன்று. நீங்கள் முன்னால், நான் பின்னால். ரப்பர் கருகும் வாசம் வந்தது. என் வண்டிதான் என்று நினைத்து நிறுத்திப் பார்த்தேன், இல்லை. மறுபடி உங்களை எட்டிப்பிடித்ததும் வாசம் கூடியது. ரப்பரோடு வேறொரு வாசமும் இருந்தது. ஹோர்ன் அடித்து நிறுத்த வைத்தேன்.

"நானா, ஏதோ கருகுது. காலப் பாருங்க."

உங்கள் வலது செருப்பின் ஓரம் சைலன்சரில் உருகி ஒட்டியிருந்தது. செருப்புக்கு மேலே, கணுக்காலுக்குக் கீழே, தோல் வெள்ளையாகச் சுருங்கியிருந்தது. நீங்கள் குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தீர்கள். விரலால் அழுத்தினீர்கள். நோகவில்லை என்றீர்கள். நோகாத காயம் பெரிய காயமாக இருக்காது என்று பற்பசை பூசிக்கொண்டு தம்புள்ளைக்கு வந்தீர்கள், எல்லாக் கடைக்கும் ஏறி இறங்கினீர்கள். மதினி கெஞ்சியும் அடுத்த நாளும் வந்தீர்கள். நோவு இல்லாததால் நொண்டவும் இல்லை. அந்தக் காயத்தின் மேலேயே நடந்து நடந்து அதைக் கிணறாக்கினீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பாதம் கறுத்திருந்தது. சீனி வருத்தம், நீரிழிவு என்றார்கள், பல வருஷமாக இருந்திருக்க வேண்டும் என்றார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கட்டிலில் உங்களைப் பார்க்க வந்த அன்று நீங்கள் வியர்த்துக் கிடந்தீர்கள். வெள்ளைத் துணி ஓரிடத்தில் தட்டையாக இறங்கியிருந்தது, அங்கே பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டேன். நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"இல்லாத காலு நோகுது, சேவியர். இருக்கக்குள்ள நோகாத காலு. ஒனக்கு நோகுறது நின்டா சந்தோஷப்படாத. பயப்படு."

அதற்குப் பிறகு உங்கள் குரலைத் தெளிவாக நான் கேட்கவில்லை. நஞ்சு உடம்பெல்லாம் ஏறிவிட்டிருந்தது. உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு மதினி பைக்கை விற்றார். வாங்கியவருக்கு இந்த மூட்டைச் சீட் பிடிக்கவில்லை, கம்பெனிச் சீட்தான் வேண்டும் என்றார். மதினி இதைக் கழற்றி எனக்குக் கொடுத்தனுப்பினார். என் வண்டியில் பூட்ட ஒரு துளையை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

நல்ல சீட், நானா. பொய் சொல்ல மாட்டேன். எவ்வளவு தூரம் ஓடினாலும் இடுப்பு நோகாது. ஆனால் போன வருஷம் எனக்குக் கால் எரியத் தொடங்கியபோது, வீட்டுக்காரி மேரி இரத்தம் சோதிக்கச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? தும்பு அமுங்கிவிட்டது, சீட்டை மறுபடி கட்டினால் சரியாகிவிடும் என்றேன். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த நானே அப்படிச் சொன்னேன். எரிவு இருக்கும்வரை உங்கள் கதை வேறு, என் கதை வேறு என்று ஒரு தைரியம். நீங்கள்தான் நோகாதவர், எனக்குத்தான் நோகிறதே. நேற்று அந்த மரத்தடியில் அந்தத் தைரியமும் போய்விட்டது. தம்புள்ளைக்குப் போகவில்லை. வண்டியை அப்படியே திருப்பினேன். வழியெல்லாம் மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தேன், எங்கேயாவது கருகுகிறதா என்று.

கூப்பிடுகிறார்கள். வந்து எழுதுகிறேன்.

முடிந்தது. தாளை மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் மன்னியுங்கள். உள்ளே ஒரு நேர்ஸ், சிங்களப் பெண், மகள் வயதுதான் இருக்கும். சப்பாத்தைக் கழற்றிக் கட்டிலில் காலை நீட்டச் சொன்னார். மீன்பிடிக்கும் நூல் மாதிரி ஒன்றை எடுத்து, முதலில் என் கையில் தொட்டுக் காட்டினார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், காலில் இது படும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். கண்ணை மூடினேன். அவர் தொடங்குவதற்காகக் காத்திருந்தேன். வெளியே யாரோ இருமினார்கள். வண்டியொன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. இன்னும் காத்திருந்தேன். கண்ணைத் திறக்கச் சொன்னார். நான் தயார், தொடங்குங்கள் மிஸ் என்றேன். அவர் நூலைக் கீழே இறக்கினார். பிறகு மெதுவாக, வலது கால் முடிந்துவிட்டது ஐயா என்றார்.

இடது காலில், குதிகாலில் பட்டது மட்டும் தெரிந்தது. சீனி ஏறித்தான் இருக்கிறது. டொக்டர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருக்கலாம். காயம் இல்லை, அதுவரை அதிர்ஷ்டம் என்றார். போன உணர்வு திரும்பும் என்று நம்ப வேண்டாம், மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். மருந்து தந்தார். வெறுங்காலோடு நடக்கக் கூடாது, செருப்போடு பைக் ஓட்டவே கூடாது, தினமும் பாதத்தைத் திருப்பிக் கண்ணால் பார்க்க வேண்டும். என் கால் என்னிடம் சொல்லாது என்பதால் நான்தான் போய்ப் பார்க்க வேண்டும். இன்று முதல் மேரி கண்ணாடி பிடிப்பாள். கண்ணாடி விற்கிறவன் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

இப்போது பைக் பக்கத்தில் நிற்கிறேன். உங்கள் சீட் நன்றாகக் காய்ந்து கிடக்கிறது. நீங்கள் சொன்னபடி பயப்படுகிறேன், நானா, நிறையவே பயப்படுகிறேன். ஏறுவதற்கு முன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன். சுட்டது. நன்றாகவே சுட்டது. தாங்க முடியாமல் போகும்வரை கையை எடுக்கவில்லை.