நாலாம் மூலை

அரிப்பு,
ஞாயிறு, பூசை முடிந்த பிறகு.

அன்பு மகன் றொசாந்தனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். நீயும் மருமகள் கிருஷிகாவும் சின்னவளும் டென்மார்க் குளிருக்குள் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று அம்மா ஒவ்வொரு பூசையிலும் மன்றாடுகிறா. என் முழங்கால் வலி முந்தியதைவிடக் குறைவு, கடலுக்குத்தான் போக ஏலாது. அம்மாவின் சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் ஒளித்து ஒளித்துச் சீனி போட்ட தேத்தண்ணி குடிக்கிறா, நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதே. இந்தக் கிழமை முழுக்க நீ எடுத்த போன் ஒன்றையும் நான் தூக்கவில்லை. நெட்வேர்க் சரியில்லை என்று அம்மா உனக்குச் சொன்னது பொய், நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, வெட்கமாக இருக்கிறது மகன். அதனால்தான் பேனையை எடுத்திருக்கிறேன். லோறன்ஸ் மாமாவின் மகள் சுவேதினி இந்தத் தாள்களைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். அனுப்பும்போது அவளும் வாசிப்பாள், வாசிக்கட்டும், ஊருக்கே தெரிந்த பிறகு அவளுக்கு மட்டும் என்ன மறைப்பு.

போன நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோது நீ விட்டுப்போன அந்த இரும்பு தேடுகிற மெசினால் வந்த வினை இது. கதிரையில் குந்திக்கொண்டு அம்மாவோடு கொழுவுகிறேன் என்றுதானே தந்துவிட்டுப் போனாய். அங்கே நீயும் உன் கூட்டாளிகளும் வயல்வெளியில் தேடுவதையும், கிடைத்ததை நூதனசாலைக்குக் கொடுப்பதையும், முதலில் காணிக்காரரிடம் கேட்கவேண்டும், தோண்டின குழியை ஒழுங்காக மூடவேண்டும் என்ற முறைகளையும் பொறுமையாகச் சொல்லித் தந்தாய். இங்கே அனுமதி இல்லாமல் பழஞ்சாமான் தோண்டினால் சட்டம் இருக்கிறது, கரையில் தொலைந்துபோன வலை ஈயக்குண்டு, நங்கூரம் மட்டும் தேடுங்கள் என்றும் சொன்னாய். நான் அதைத் தூக்கிக்கொண்டு திரிய, கிறகரி கண்ணிவெடி எடுக்கப் போறார், தள்ளி நில்லுங்கோ என்று கரையில் நின்றவர்கள் பகிடி பண்ணினார்கள். ஈயக்குண்டும் சோடா மூடியும்தான் வந்துகொண்டிருந்தது. பிறகு ஒருநாள் ஒற்றைப்பனை வளவில் மெசின் ஒரு சத்தம் போட்டது பார், அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. மணலைக் கிளற, மூடி போட்ட சின்ன மண்முட்டி ஒன்று, அதற்குள் பச்சை பிடித்த மூன்று செப்புக்காசு.

உனக்குப் படம் அனுப்பியது நினைவிருக்கும். மூன்று எழுத்து ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பது ஒல்லாந்தர் கும்பனிக் காசு என்றாய். யானை போட்டது இங்கிலீசுக்காரன் வந்த புதிதில் அடித்தது, ராணியின் தலை போட்டது அதற்கும் எவ்வளவோ பிந்தியது என்றாய். ராணிக்கு மறுபக்கம் இருந்த மரம் பனை என்று அம்மாவும் தென்னை என்று நானும் சண்டை பிடித்தோம். அம்மா பழப்புளி போட்டுத் தேய்த்து மினுக்கி, யானையின் தும்பிக்கை பாதி தேய்ந்து, நீ எங்கள் இருவருக்கும் ஏசியதும் நினைவிருக்கும். அப்போது நீ இன்னொன்றும் சொன்னாய். தவறி விழுந்த காசு தனியே கிடக்கும் அப்பா, வேறு வேறு காலத்துக் காசு ஒரே முட்டிக்குள் கிடந்தால் அது யாரோ வைத்தது, காணிக்காரரைக் கேட்டீங்களோ என்றாய். அது ஆளில்லாத காணி என்று நான் சொன்னேன்.

அது ஆளில்லாத காணி இல்லை மகன். அது வஸீர் நானாவின் வளவு. நீ பிறக்க முந்தி எங்கள் கருவாட்டையெல்லாம் அவர்தான் வாங்கிக் கொழும்புக்கு ஏற்றுவார். மழை பெய்து ஓய்ந்தால் கரையில் குனிந்த தலை நிமிராமல் பழங்காசு பொறுக்கிக்கொண்டு நடப்பார், நாங்கள் நக்கலடிப்போம். அந்த வீட்டுக்குக் குடிபுகுந்த அன்று மவ்லூது ஓதி நெய்ச்சோறு கொடுத்தார்கள், நான் இரண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டவன். தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் முஸ்லிம் சனத்தையெல்லாம் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது உடுத்த உடுப்போடு போனவர், புத்தளத்தில் மௌத்தாகிப்போனார். வீட்டுக் கல்லை, அத்திவாரக் கல்லைக்கூட, யார் யாரோ கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள், மிச்சத்தைப் புல்டோசர் தள்ளியது. எனக்கு முதல் முட்டி கிடைத்தபோது சந்தேகம்தான். ஆனால் அங்கேயிருந்து நேராக நடந்து இரண்டாவது கிடைத்தபோது எனக்கு விளங்கிவிட்டது. வீடு கட்டும்போது மூலைக்குக் காசு வைப்பது எங்கள் ஆட்களிடமும் இருக்கிறதுதானே. விளங்கிய பிறகு நிறுத்தினேனா, இல்லை. வீட்டின் முகம் எந்தப் பக்கம் இருந்தது, நெய்ச்சோற்றுக்கு எந்த விறாந்தையில் இருந்தேன் என்று யோசித்து யோசித்து, அந்த நினைவை வைத்தே மூன்றாவது மூலையையும் கண்டுபிடித்தேன். நாலாவது மூலைக்கு மேல் புல்டோசர் குவித்த மண்மேடும் உடைமரமும் நின்றபடியால்தான் தப்பியது. நீ சொல்லித் தந்ததில் ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தேன், தோண்டிய குழிகளை அடையாளம் தெரியாமல் மூடினேன்.

இந்த மாதம் வஸீர் நானாவின் மகள் ஸுஹறா பிள்ளைகளோடு வந்து முசலியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறா. வளவு காடாய்க் கிடந்ததால் அரசாங்க வரைபடத்திலும் காடு என்று விழுந்துவிட்டதாம், காணி உறுதிப் பத்திரம் அலைச்சலில் தொலைந்துபோய்விட்டதாம். வீடு இருந்த அடையாளம் ஒன்றாவது காட்டினால் திருப்பித் தருவதைப் பார்க்கலாம் என்று காணிக் கந்தோர் அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். வாப்பா நாலு மூலையிலும் முட்டி வைத்து, ஒவ்வொன்றிலும் மும்மூன்று பழங்காசு போட்டார் என்று ஸுஹறா அங்கே முதலிலேயே சொல்லிவிட்டா. அதைத் தோண்டிக் காட்டினால் போதும் என்றிருக்கிறார்கள். போன திங்கட்கிழமை, அம்மா வீட்டில் இல்லாத நேரம், அவ நேரே எங்கள் வீட்டுக்கு வந்தா. கிறகரி அண்ணன், உங்கட மகன் தந்த மெசின் இருக்காமே, ஒருக்கா வந்து தேடித் தருவியளோ என்று கேட்டா. கூட வந்த மகன் பஸ்லான், மாமா, நீங்க எங்கட வீட்டைக் கண்டனீங்களாமே என்றான். நான் ஓம் என்றேன். அவர்கள் படலையைச் சாத்திக்கொண்டு போனதும், என் போனில் இருந்த காசுப் படங்களையெல்லாம் அழித்தேன்.

அடுத்தநாள் காலையில் மெசினைத் தூக்கிக்கொண்டு போனேன் மகன். நானே வெறுமையாக்கிய மூலைகளில், நானே மூடிய குழிகளுக்கு மேலே, காதில் வயரை மாட்டிக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தேன். மெசின் வாய் திறக்கவில்லை, எப்படித் திறக்கும். ஸுஹறா பனைக்குக் கீழே நின்று வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தா. வெயில் ஏற ஏற அந்த முகம் வாடியதைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே நடந்தேன். கடைசியில், இவ்வளவு தேடினது காணும் அண்ணன், உங்கட காலும் வருத்தம், வாப்பா சும்மா பெருமைக்குச் சொல்லியிருப்பார் என்றா. செத்துப்போன தகப்பனை அவ பொய்யர் என்று நினைக்கும்படி நான் வைத்தேன். அப்போதும் பேசாமல் வீட்டுக்கு வந்து சோறு தின்றேன்.

காசுகளை அம்மா ஒரு தகரப் பேணியில் போட்டு அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைத்திருந்தா, உனக்குத் தெரியும். நான் நடந்ததைச் சொன்னதும் அம்மா ஏசவில்லை. பேணியை எடுத்து என் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தா. தொலைஞ்சதைத் தேடித் தாற புனிதருக்கு முன்னால, ஒருத்தி தேடுற சாமானை ஒளிச்சு வைச்சுப்போட்டு நான் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறன் என்று சொல்லி அழுதா. இத்தனை வருசத்தில் அவ என் முகத்தைப் பார்க்காமல் அழுதது அதுதான் முதல் தரம். நான் எழும்பிக் கை கழுவிவிட்டு, பஸ் பிடித்து முசலிக்குப் போனேன். காசையும் முட்டிகளையும் ஸுஹறாவின் மடியில் வைத்தேன். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். எங்கட வீடெண்டு தெரிஞ்சுதானோ எடுத்தனீங்கள் என்று அவ கேட்டா. ஓம் என்றேன். உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. ஏசியிருந்தால் எழும்பி வந்திருப்பேன், அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பஸ்லான்தான் கேட்டான், கையில இருக்கிற காசு எந்த மண்ணில கிடந்ததெண்டு இனி ஆர் நம்புறது என்று. அவன் கேட்டது நியாயம்.

மிச்சம் இருந்தது நாலாம் மூலை ஒன்றுதான். வெள்ளியும் நேற்றும் நானும் பஸ்லானும் அவன் கூட்டிவந்த ஆட்களுமாக அந்த உடைமரத்தைத் தறித்து மண்மேட்டை வெட்டி இறக்கினோம். என் கால் இன்றைக்குப் பனங்கொட்டை போல வீங்கியிருக்கிறது, அதை ஒரு பெருமையாக எழுதவில்லை. நேற்றுப் பின்னேரம் மெசினைப் பிடித்தேன். கத்தியது. அதே சத்தம். நான் குனிய முன்னமே பஸ்லான் குறுக்கே வந்து நின்றான். ஐயா, நீங்க தொடவேண்டாம், கந்தோர்க்காரர் வந்து எடுக்கட்டும் என்றான். மகன், திங்கட்கிழமை மாமா என்றவன் இப்போது ஐயா என்கிறான். மெசினையும் கையில் வாங்கி வைத்துக்கொண்டான், உன்னிடம் கேட்காமல் கொடுத்துவிட்டேன், பொறுத்துக்கொள். ஸுஹறா அந்த இடத்தில் குந்தியிருந்து மண்ணை ஒருதரம் தடவிவிட்டு எழும்பினா. நாளைக்குக் கந்தோரிலிருந்து வருகிறார்கள். அதுவரைக்கும் பஸ்லான் அந்த மூலையில் பாய் விரித்துக் காவல் இருக்கிறான். காலையில் கோவிலுக்குப் போகும்போது பார்த்தேன், அவனும் என்னைப் பார்த்தான். யாரிடமிருந்து காவல் என்று நான் கேட்கத் தேவையில்லை.

நாளைக்கு வருகிறவர்கள் முன்னால் நானும் நின்று, மற்ற மூன்றையும் எடுத்தது நான்தான் என்று சொல்லப்போகிறேன். சட்டப்படி என்னைப் பிடித்தால் பிடிக்கட்டும், அம்மாவும் அதைத்தான் சொல்கிறா. நீ செய்யவேண்டியது ஒன்று. அந்தப் படங்கள் இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கின்றன. குழியும் முட்டியும், பின்னால் அந்த ஒற்றைப்பனையும் தெரிகிற படங்களைத் தேடி எடுத்து சுவேதினியின் போனுக்கு இன்றைக்கே அனுப்பு, ஒருதரம் அழித்த என் போனுக்கு வேண்டாம். ஒன்றில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், அதையும் வெட்டாமல் அனுப்பு. உன் கூட்டாளிகளிடம் என் அப்பா எடுத்த காசு என்று பெருமையாகக் காட்டினாயாம், அவர்களுக்கும் உண்மையைச் சொல்லிவிடு. உனக்கும் தலைகுனிவுதான், என்னால் உனக்கு வந்தது. கிருஷிகாவுக்குப் பக்குவமாகச் சொல். சின்னவளுக்குக் காது குத்திவிட்டதை அம்மா படத்தில் பார்த்துச் சந்தோசப்பட்டா, புண் ஆறும்வரை தேங்காயெண்ணெய் தடவச் சொன்னா. ஆண்டவரும் அரிப்பு மாதாவும் உங்கள் மூவரையும் காக்கட்டும். என் ஆசீர் உனக்கு எப்போதும் உண்டு, அது உனக்கு இப்போது வேண்டியிருந்தால்.

காணிக்காரரைக் கேட்டீங்களோ என்று நீ அன்றைக்குக் கேட்டாய். அதற்குச் சரியான பதிலை இப்போது எழுதுகிறேன். கேட்கவில்லை மகன். யாரென்று தெரிந்தும் கேட்கவில்லை.

உன் அப்பா,
கிறகரி.