சோகை அடைத்த மச்சு

மாமாவுக்கு,

பிள்ளைகளும் நானும் சுகம். நம் ஊர் சென்னை ராஜ்யத்தோடுதான் சேர வேண்டுமென்று நீங்கள் எல்லைக் கமிட்டியில் சாட்சி சொன்ன சேதி நகரி முழுக்கப் பரவிவிட்டது.

மறுநாளே என் அண்ணன் வந்தான். ஊர் ஆந்திராவிலேயே இருக்கட்டும் என்று உங்களோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திய அதே அண்ணன்தான். வண்டி நிறையக் காய்ந்த கரும்புச் சோகை கொண்டுவந்து, ஓட்டுக்கும் மச்சுப் பலகைக்கும் நடுவில் தன் கையாலேயே அடைத்தான். "இந்த வெயில்ல மாப்ள வெந்து பூடுவாரும்மே" என்றான்.

சோகை பரப்பினால் அதன்மேல் கனமாகச் சேறு பூசுவதுதானே நம் பக்கத்து வழக்கம்? பொறி பறந்து விழுந்தாலும் தீப்பிடிக்காது. கேட்டேன். "சேறு இன்னாத்துக்கு? பலக தாங்காது" என்று சொல்லிவிட்டான். அனல் காற்று வருகிறதென்று பின்கதவையும் ஜன்னல்களையும் பலகை வைத்து ஆணி அடித்தான். வெளிப்பக்கமிருந்து அடித்தான். இனி வாசல் ஒன்றுதான் வழி.

வீடு குளுகுளுவென்று இருக்கிறது. கூடப்பிறந்தவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று தினமும் கேட்கிறான்.

பெரியவள்தான் அழுகிறாள். "உள்ள ஜில்லுனு கீது, இங்க ஏம்மா படுக்கணும்?" என்கிறாள். நாங்கள் மாட்டுக் கொட்டகையில் படுக்கிறோம். உங்கள் பாயையும் அங்கேயே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

மாடுகளை இப்போது ராத்திரியில் கட்டுவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் தாய்