ஆசிட் பரணியில் மானத்துக்கண்ணி

இன்று காலை பக்கத்து ரப்பர் ஸ்டோரில் புது ஆசிட் பரணியை, அந்தப் பெரிய கண்ணாடி ஜாடியைத் திறந்திருக்கிறார்கள். ரப்பர்ப்பாலை உறைய வைக்கிற அந்த ஆசிட்டின் புளித்த நெடி சுவர் தாண்டி என் அடுக்களைக்குள் வந்து மூக்கைப் பிடித்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. நெடிக்குத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். உன்னிடம் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

நீ போன பிறகு நாங்களும் மலைமேல் ரப்பர்த் தோட்டத்தை விட்டுக் குலசேகரத்துக்கு இறங்கி வந்துவிட்டோம். இவருக்கு இங்கே ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை. தோட்டத்து வீடு இப்போது யாருக்கு என்று தெரியாது. உனக்கும் எனக்கும் நடுவில் இருந்த அந்த ஒற்றைச் சுவரை நினைத்துக்கொள்வேன். நீ அந்தப் பக்கம் தட்டினால் நான் இந்தப் பக்கம் கரண்டியால் தட்டுவேன். இரண்டு வீட்டு ஆம்பிளைகளுக்கும் அது பிடிக்காது. நாம் விட்டோமா?

குளச்சல் கடற்கரையில் பிறந்தவள் நீ. மலைத்தோட்டத்தில் உனக்கு என்ன வேலை? உன் மாமனாரைக் கடல் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு உன் மாமியார் மகனைக் கட்டுமரத்தில் கால் வைக்க விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மலையேறி வந்து, புகைப்புரையில் ரப்பர் ஷீட் உலர்த்துகிற வேலையில் சேர்த்துவிட்டார். மகனோடு நீயும் வந்தாய். வந்த புதிதில் அட்டை கடித்த காலைத் தூக்கிக்கொண்டு, "இங்க காத்துக்கு உப்பே இல்லட்டி" என்று என்னிடம் முறையிட்டாய். காற்றில் உப்பு இல்லையென்று ஒருத்தி அழுவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சிரித்துவிட்டேன்.

சிரிப்பெல்லாம் கொஞ்ச நாள்தான். முதல் பிள்ளை பிறந்த அன்றே போயிற்று. இரண்டாவது, கவிழ்ந்து படுக்கிற வயதில் காய்ச்சலில் போயிற்று. அதற்குப் பிறகுதான் உன் வீட்டில் அந்தச் சொல் வந்தது. கைராசி. அடைகாக்கிற கோழியை நீ தொடக்கூடாது. சேம்பு நடக்கூடாது. உப்புமாங்காய் பரணியில் நீ கைவிட்டால் பூஞ்சை பிடிக்கும். உன் மாமியார் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பைய, ஏதோ வானிலை சொல்லுகிற மாதிரி, "அவ கையில ஒண்ணும் தங்காது பிள்ள" என்று என்னிடமே சொன்னார். எனக்கு மண்டை காய்ந்தது. அதைவிட, நீயே அதை நம்பினாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பரணி வந்தது. வண்டியிலிருந்து இறக்கும்போது கழுத்து உடைந்துபோன ஆசிட் பரணி, கள்ளிப்பெட்டி உயரம், பச்சைக் கண்ணாடி. உன் வீட்டுக்காரர் விளிம்பைக் கல்லில் தேய்த்துக் கொண்டுவந்தார். மாமியார் அரிசி போட்டுவைக்கலாம் என்றார். குடல் வெந்துபோகும் என்று நான் பயமுறுத்தினேன். நீ மட்டும் அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"மீன் விடலாம் ஏட்டி."

"கறிக்கா?"

"பாக்கதுக்கு."

கடற்கரைக்காரி ஒருத்தி மீனைப் பார்ப்பதற்காக வளர்க்கிறேன் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? உன் மாதா மீன் வளர்ப்பாளா என்று சீண்டினேன். நான் மாதா சொரூபம் வைக்காத வேதக்கோயில்காரி, எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நீ உடனே, "அவ மவனுக்க கூட்டாளிமாரெல்லாம் மீன்காரனுவதானட்டி" என்றாய்.

ஆனால் எனக்குப் புரிந்தது. நீ மீன் கேட்கவில்லை. உன் கையில் ஏதாவது ஒன்று தங்குமா என்று பார்க்கக் கேட்டாய்.

ஓடையில் இறங்கினோம். நீ துவர்த்துத் துண்டின் ஒரு முனை, நான் மறுமுனை. பாறையில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்குமே கல்லொட்டி, அதைத்தான் முதலில் பிடித்தோம். சாயந்தரத்துக்குள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, மல்லாந்துவிட்டன. நீ உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். பாத்தியா என்றுகூடக் கேட்கவில்லை. நான் அந்தக் கையைத் தட்டிவிட்டுப் பரணிக்குள் தலையை விட்டு மோந்தேன். இன்று காலை வந்த அதே நெடி.

"கையும் இல்ல, காலும் இல்ல. ஆசிட் போவல்ல" என்றேன். சாம்பல் போட்டுத் தேய்த்தோம். தண்ணீர் நிறைத்து, கொட்டி, மறுபடி நிறைத்து, நெடி போகிறவரை முற்றத்தில் போட்டுவைத்தோம். மறுபடி கல்லொட்டி பிடித்தோம். மறுபடி செத்தன. மறுநாள் துணி துவைக்கப் போனபோது ஓடையில் கையை விட்டேன், குளிர்ந்து கிடந்தது. வந்து பரணியில் கையை விட்டேன், கஞ்சித்தண்ணி. நடு முற்றத்து வெயிலில் வைத்திருந்தோமே! பாறையில் அடித்து நுரைத்து ஓடுகிற தண்ணீரில் பிறந்ததைக் கொண்டுவந்து, அசையாத வெந்நீரில் போட்டால் அது எப்படிப் பிழைக்கும்? உன்னிடம் இதைச் சொன்னேன். நீ தலையாட்டினாய். நம்பவில்லை என்று தெரிந்தது.

பரணியை உன் ஜன்னலுக்கு அருகே நிழலில் வைத்தோம். பிறகு அந்தச் சிவப்புக் குஞ்சுகள் வந்தன. கீழ்க்குளத்து ஓரத்தில் கூட்டமாகச் சுழன்றுகொண்டிருந்தன, சிந்திப்போன மிளகாய்ப்பொடி மாதிரி. நீ சின்னப்பிள்ளை போலக் கத்தினாய். உனக்குக் கடல்மீன் அத்தனையும் அத்துப்படி, குளத்து மீன் ஒன்றும் தெரியாது. நான் குளத்து மீனைச் சந்தையில் தலை வெட்டின பிறகுதான் பார்த்தவள். ஆக, இரண்டு அறிவாளிகளும் சேர்ந்து ஒரு சட்டி நிறைய விரால் குஞ்சை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அவை சாகவில்லை. அதுதான் கொடுமை. நீ மண்புழுவும் நெய்ச்சோறும் போட்டு வளர்த்தாய். நாளாக நாளாகச் சிவப்பு மங்கிக் கறுத்தது. உடம்பு நீண்டது, எண்ணிக்கை குறைந்தது. ஒருநாள் பார்க்கிறோம், உள்ளே ஒன்றே ஒன்று, ஒரு சாண் நீளத்துக்கு, பரணியின் அடியில் கிடந்து நம்மைப் பார்க்கிறது.

"ஒண்ணு தங்கிச்சு" என்றாய். உடனே முகம் மாறிற்று. "மத்ததையெல்லாம் தின்னுட்டுல்லா தங்கிச்சு. எனக்க கைக்கு இதுதான் தங்கும்."

அதைக் குளத்திலேயே விட்டுவிடலாம் என்று பேசி முடித்தோம். மறுநாள் ஓடையிலிருந்து திரும்பி வந்தால் உன் வீட்டிலிருந்து தேங்காய் அரைத்த மீன்கறி மணக்கிறது. பரணி காலி. நான் சண்டைக்குத்தான் உள்ளே போனேன். உன் மாமியார் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "விரால் தின்னா உடம்புல பெலம் பிடிக்கும். இந்தச் சமயத்துல அவளுக்கு நல்லது" என்றார். எந்தச் சமயம் என்று நான் விழித்தேன். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வயிற்றிலிருப்பது உனக்கே உறுதியாகத் தெரியாதபோது அந்தக் கிழவிக்குத் தெரிந்திருந்தது. அழுதுகொண்டே தின்றாய். அவர் பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தார். அந்த மனுஷியை முழுசாக வெறுக்கவும் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் உன்னைக் கொஞ்ச காலம் கட்டிலோடு கிடக்கச் சொன்னார். காலிப் பரணியைப் பார்த்துக்கொண்டு நீ படுத்திருப்பதை என்னால் சகிக்க முடியவில்லை. இந்த முறை நான் முதலில் மீனைத் தேடவில்லை, தண்ணீரைத் தேடினேன். பரணித் தண்ணீர் ஓடாத தண்ணீர். ஓடாத தண்ணீரில், நிழலில், பாசிக்கு நடுவே ஏற்கெனவே சுகமாக இருக்கிற மீன் எது? நம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிக் கிடந்த பழைய குழியில் கிடைத்தது. சின்ன உடம்பு, எப்போதும் தண்ணீரின் மேல்தட்டிலேயே நிற்கும், உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு. மானத்துக்கண்ணி. அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற மீன். மீனோடு அந்தக் குழியின் தண்ணீரையும், பாசியையும், ஒரு பிடி சேற்றையும் சேர்த்தே எடுத்து வந்தேன்.

நீ நிறையக் கேட்டாய். நான் நாலு மீனுக்குமேல் விடமாட்டேன் என்றேன். துள்ளி வெளியே விழாமல் இருக்க மேலே பழைய வலைத்துண்டு கட்டினேன். தண்ணீரை முழுக்க மாற்றக்கூடாது, ஒரு செம்பு எடுத்தால் ஒரு செம்பு குழித்தண்ணீர் விட வேண்டும். எடுப்பதும் விடுவதும் உன் கைதான், நான் தொடவே மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி, பயந்து பயந்து செம்பை முக்கினாய். நான் ஊர்ப்பட்ட கூத்தாடிப்புழுவை வடிகட்டிக் கொண்டுவருவேன். நீ விரல் நுனியில் எடுத்துப் போடுவாய். அவை உன் விரலுக்கே வந்து தின்னத் தொடங்கின.

ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று. நாலும் இருந்தன. நாம் அதைப்பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை, பேசினால் கண் பட்டுவிடும் என்று உனக்குப் பயம். கண் படுகிறதில் நம்பிக்கையில்லாத நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு விடியற்காலை சுவரை இடிப்பதுபோலத் தட்டினாய். ஓடி வந்தேன்.

"ஏட்டி, வெள்ளத்துல கண்ணு மட்டும் நீந்துது!"

குனிந்து பார்த்தேன். பாசிக்கு ஓரமாக, உடம்பே தெரியாத குஞ்சுகள். இரண்டிரண்டு கண்கள்தான் தெரிந்தன. நீ உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாய். உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அன்றைக்கே கேட்டாய். "வெள்ளம் பாத்து மீன எடுக்கணும்னு சொல்லுகியே. நான் எந்த வெள்ளத்து மீனுன்னு நீயே சொல்லு." விளையாட்டாகத்தான் கேட்டாய். எனக்குப் பொறிதட்டியது. நீ எழுந்து நடமாடலாம் என்று கம்பவுண்டர் சொன்னதும் உன் மாமியாரிடம் போய் நின்றேன். "இவள அவ அம்மை வீட்டுக்கு அனுப்புங்க மாமி. மழை முடிஞ்சா இங்க காய்ச்சல் வரும். இவளுக்கு இந்த மலை ஒத்துக்கிடல்ல. குலசேகரத்துல பஸ் ஏறுனா பொழுதடையதுக்குள்ள போயிரலாம்."

"அவ போனா அவனும் பின்னால போவான்" என்றார். "கடலப் பாத்தா அவனுக்குக் கால் நிக்காது மக்களே. ஒருத்தரக் குடுத்தது போதும்." உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் கெஞ்சினேன், கத்தினேன், எங்கள் வீட்டு ஆம்பிளை வந்து என்னை இழுத்துப்போனார். நீ சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து, "விடுட்டி, அவியளுக்க பயம் அவியளுக்கு" என்றாய்.

மழை விட்டது. உன் மீன்கள் தின்றது போக மிச்சமிருந்த கொசுவெல்லாம் தோட்டத்தில் பறந்தது. லயத்தில் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். உன்னையும் பிடித்தது. காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினா மருந்து உன் வயிற்றில் நிற்கவில்லை. கடைசி நாளில் உன் மாமியார் உன் காலைத் தன் மடியில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். நீ கண்ணைத் திறந்து என்னைத் தேடினாய்.

"மீனு?"

"கெடக்கு. குஞ்சும் வளந்தாச்சு."

"அப்போ குத்தம் எனக்க கைக்கு இல்ல."

"கையில்ல மக்கா."

"பின்ன என்னத்த?"

எனக்கு விடை தெரியும், இது உன் தண்ணீர் இல்லை. அந்தக் கிழவியின் கை உன் காலில் இருந்தது. அவர் காதுபட நான் சொல்லவில்லை. சொல்லாமலே நீ தெரிந்துகொண்டிருப்பாய் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். பிள்ளையும் உன்னோடு போயிற்று.

உன் கல்லறைக் குழியில் மண் விழும்போது உன் மாமியார் யாரையும் பார்க்காமல், "கடலுக்குப் பயந்துல்லா இவள இங்க கொண்டு வந்தேன்" என்றார். அதற்குப் பிறகு அவரோடு சண்டை போட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் வேலை நின்றபோது அவரே மகனைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குத் திரும்பிப் போனார். நான் மானத்துக்கண்ணிகளைச் செம்பு செம்பாக எடுத்துப் பழைய குழியிலேயே விட்டேன். வேறெங்கும் விட மனசு வரவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரு கேள்விதான். வாடிப்போன பெண் யாரைப் பார்த்தாலும் என் வாய் அதைக் கேட்டுவிடும்: எந்த ஊர்க்காரி நீ, அங்கே தண்ணீர் எப்படி? கிறுக்கு என்று இங்கே எனக்குப் பெயர்.

போன மாதம் எங்கள் சபையில் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தது. சுசீந்திரத்துப் பக்கம் வயல்காட்டில் பிறந்து இந்த மலையடிவாரத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு பிள்ளை போய்விட்டது, இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள். "அவளுக்குக் கைராசி போதாது" என்று ஒருத்தி சொன்னாள். ஜெபம் முடிந்ததா என்றுகூடப் பார்க்காமல் நான் எழுந்து நின்றுவிட்டேன். அன்றைக்கு ஆரம்பித்து அவள் மாமியார், மாமனார், புருஷன், பாஸ்டர் ஐயா என்று ஒருவரையும் விடவில்லை. என் தொல்லை தாங்காமல்தான் சம்மதித்தார்கள். முந்தாநாள் அவளை அவள் அம்மை வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்தாள்.

இதனால் மனசு ஆறிற்று என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பஸ் திரும்பி மறைந்த பிறகும் சாலையிலேயே நின்றேன். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏட்டி.