தொப்பிக்குள் ஒரு பம்பு

நண்பா,

நேற்று என் மகள் வேலை முடிந்து வரும்போது ஒரு சின்னப் புத்தகம் கொண்டுவந்தாள். வழவழப்பான தாள். அச்சு மை வாசனை இன்னும் போகவில்லை. வளரும் நாடுகள் ஜப்பானிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியவை என்று மலாய் மொழியில் எழுதியிருக்கிறது. பத்து பெரண்டாம் ஊரில் அவள் வேலை செய்யும் ஜப்பான்காரர் தொழிற்சாலையில் ஆளுக்கு ஒன்று கொடுத்து, படித்துவிட்டு வரச் சொன்னார்களாம். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். ஒருவன் எதையாவது சும்மா கொடுத்தால், எங்கே கொக்கி வைத்திருக்கிறான் என்று தேடாமல் எனக்குத் தூக்கம் வராது. நீ பார்த்துச் சிரித்த குணம்தான்.

நேரத்துக்கு வர வேண்டும், முதலாளியைக் குடும்பத் தலைவராக நினைக்க வேண்டும், கூடி வேலை செய்ய வேண்டும், குறை சொல்லக் கூடாது. இவ்வளவும் செய்தால் நாடு முன்னேறிவிடுமாம்.

"காலையில எக்சர்சைஸ் கூட உண்டுப்பா. பாட்டு போடுவாங்க, எல்லாரும் வரிசையா நின்னு செய்வோம்," என்றாள் மகள் சிரித்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த எக்சர்சைஸை ஜப்பான்காரன் ஆட்சியில் நீயும் நானும் தோட்டத்துப் பள்ளிக்கூட வாசலில் செய்திருக்கிறோம். செய்து முடித்துக் கிழக்கே திரும்பி அவர்களுடைய ராஜாவுக்குக் குனிந்து வணங்கியும் இருக்கிறோம். குனிந்தது போதவில்லை என்று உன் பிடரியில் ஓர் அடி விழுந்தது.

"நீ செய்யுற சாமான் எதுக்குள்ள போகுதும்மா?" என்று கேட்டேன்.

"தெரியாதுப்பா. சின்னதா, கறுப்பா, பூச்சி மாதிரி காலோட இருக்கும். கம்பி ஒட்டுறதோட எங்க வேல முடிஞ்சிரும்."

"கேட்டுப் பாக்க மாட்டியா?"

"கேட்டா சூப்பர்வைசர் மொறைப்பாங்க லா."

அப்போதுதான் உன் நினைவு வந்தது. நீயாக இருந்தால் இரண்டாம் நாளே அந்தக் கறுப்புச் சாமானைத் திறந்து பார்த்திருப்பாய், மூன்றாம் நாள் வேலையும் போயிருக்கும். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பேச்சை எடுக்க உன்னைவிட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

புலாவ் செபாங் டவுனிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது நம் ரப்பர் தோட்டம். எஞ்சின் கொட்டகையில் நீ பிட்டர், நான் எஞ்சின் ஓட்டுகிறவன். இரண்டு பேருமே அந்த லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள், ஒரே வயது. ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பிய பிறகு அவசரகாலம் வந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டைபோடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். காலையில் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போகிறவர்களை கேட்டில் நிறுத்தி, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். கடையில் சார்டின் வாங்கினால், சேர்த்து வைக்க முடியாதபடி கடைக்காரரே டின்னில் ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

வேலிக்குள் இருந்த அத்தனை குடும்பங்களுக்கும் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பே பெண்கள் வாளியோடு வரிசையில் நின்று ஒருவரை ஒருவர் வைவார்கள். கோடியில் ஒரு பழைய கிணறு இருந்தது. சுவர் இடிந்து விழுந்ததால் பலகை போட்டு மூடிவிட்டார்கள். அதன்மேல் ஒரு கைப்பம்பு வைத்தால் போதும் என்று நீ தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம் சொன்னாய். கிராணி தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையிடம் சொன்னார். இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டும், பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்தப் 'பார்க்கலாம்' என்ன ஆகும் என்று வேலிக்குள் எல்லாருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் சைக்கிள் கடைக்கு ஜப்பான் சைக்கிள் வந்து இறங்கியது. நீ அதன் முன்னால் ஒரு மணி நேரம் குந்தியிருந்துவிட்டு வந்தாய்.

"குண்டு விழுந்து எத்தன வருசம் ஆச்சு? அதுக்குள்ள சைக்கிள் செஞ்சு நமக்கே விக்கிறான் லா. எப்படி? வெள்ளக்காரன்கிட்ட மெஷின வாங்குனான், கழட்டுனான், ஒவ்வொரு சாமானையும் வரஞ்சு பாத்தான், அப்புறம் தானே செஞ்சான். நாம ஒரு வால்வு ஒடஞ்சா கப்பல் வர்ற வரைக்கும் குந்திக்கிட்டு இருக்கோம்."

"எங்க அண்ணன சயாமுக்கு ரயில் போட இழுத்துட்டுப் போனானே, அதையும் வரஞ்சு பாத்துக்கவா?" என்றேன்.

நீ மெதுவாக, "கெட்டவன்கிட்ட கத்துக்க ஒண்ணுமே இருக்காதா ரெங்கா?" என்றாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் போய்த் திரும்பாமல் அத்தனை வருஷம் ஆகியும், ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதினால் அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். "ஜப்பான்காரன் சாமான் ஒரு ஆணி இந்தக் கொட்டகைக்குள்ள வந்தாலும் எடுத்து சேத்துல வீசிடுவேன். உன்னையும் சேத்து வீசுவேன்," என்று கத்தினேன். அன்றோடு நீ ஜப்பான் பேச்சை விட்டுவிட்டாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு உன் போக்கு மாறியது. சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போவாய். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எதையோ வரைந்துகொண்டிருப்பாய், நான் வந்தால் மடித்து வைத்துவிடுவாய். வேலிக்கு வெளியே இருந்த நம் கொட்டகையின் மூலையில் கிடந்த ஒரு முழப் பித்தளைக் குழாயைக் காணோம். கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும்?" என்றாய். நீ பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். அன்று சிவந்தது.

காலமும் அப்படித்தான் இருந்தது. பக்கத்து வீட்டில் அரிசி கொஞ்சம் கூடுதலாக வேகிற மாதிரி தெரிந்தால், யாருக்கு இந்தச் சோறு என்று வேலைக்காரர்களை மேய்க்கும் மண்டோரின் மனைவி யோசிப்பாள். யோசித்ததைக் கிராணி வீட்டில் போய்ச் சொல்லியும் வருவாள். நானும் யோசித்தேன். குழாய், படம், ஒளிவு மறைவு. காட்டில் இருப்பவர்களுக்கு இவன் எதையோ செய்து கொடுக்கிறானா? ஒரு வாரம் உன்னைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். உன்னிடம் நேராகக் கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குப் போக கேட்டில் வரிசை. நீ முன்னால், நான் இரண்டு ஆள் பின்னால். காவல்காரர் உன் காக்கித் தொப்பியைக் கழற்றச் சொன்னார். உள்ளே மடித்து வைத்திருந்த தாள் கீழே விழுந்தது.

வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஒருவர் அன்று அங்கே இருந்தார். தாளை விரித்தார். ஒரு குழாய், அதற்குள் ஒரு தண்டு, தண்டின் முனையில் ஒரு மூடி, பக்கத்தில் அளவுகள். அவருக்கு அது துப்பாக்கியாகத் தெரிந்திருக்கிறது. யாரிடம் கொண்டுபோகிறாய் என்று கேட்டார். புலாவ் செபாங்கில் இருக்கும் சீனக் கொல்லரிடம் என்று நீ உண்மையைச் சொன்னாய். காட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்களாக இருந்த அந்தக் காலத்தில், அந்த கேட்டில், அந்த உண்மையைச் சொல்கிறவன் உன்னைத் தவிர வேறு யார்?

"பம்புங்க! தண்ணி பம்பு! பம் ஆயர், துவான்!" என்று தமிழிலும் மலாயிலும் மாற்றி மாற்றிச் சொன்னாய்.

"இந்த மாதிரி பம்பு நம்ம தோட்டத்துல கெடையாதே," என்றார் கிராணி. அது உண்மை. பிறகு வரிசையில் என்னைப் பார்த்துவிட்டார். "ரெங்கசாமி, இங்க வா. நீதான இவன்கூட வேல செய்யுற? இது என்னான்னு போலீஸ் தொரை கேக்குறாரு. சொல்லு."

தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் வால்வு. எத்தனை வால்வு கழற்றி மாட்டிய கை என்னுடையது. சொல்ல வேண்டியது இரண்டே சொல். ஆனால் ஒரு வாரமாக மனத்துக்குள் புகைந்துகொண்டிருந்ததெல்லாம் ஒன்றாக மேலே வந்தது. பம்பு என்றால் என்னிடம் ஏன் மறைத்தான்? நாளைக்கு வேறு ஏதாவது கிளம்பி, இவனுக்குச் சாட்சி சொன்னவன் என்று என்னையும் இழுத்தால்? அண்ணனைக் கொன்றவர்களைப் புகழ்ந்த வாய்தானே இது என்ற எரிச்சலும் இருந்தது. அதை மறைத்தால் இந்தக் கடிதம் எழுதுவதற்கே அர்த்தமில்லை.

"தெரியாதுங்க," என்றேன்.

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று நின்றால், என்ன ஆயிற்று என்று குனிந்து பார்ப்பாயே, அப்படிப் பார்த்தாய். பிறகு அவர்கள் லாரியில் ஏறச் சொன்னார்கள், ஏறினாய்.

பல மாதம் அடைத்து வைத்திருந்தார்கள் என்றும், பிறகு கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டோம். ஊருக்கு அனுப்பிட்டாங்க என்று எல்லாரும் சொன்னார்கள். எந்த ஊருக்கு? நீ பிறந்த ஊர் நம் லயம். இந்தியாவை நீ காலண்டர் படத்தில்தான் பார்த்திருக்கிறாய்.

நீ பிடிபட்டு இரண்டு மாதம் கழித்து ஒரு கொக்கி அடிக்க அந்தச் சீனக் கொல்லரிடம் போனேன். எஞ்சின் கொட்டகை ஆள் என்றதும் அவர் பட்டறைக்குக் கீழே குனிந்து, சாக்கில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து வைத்தார். துருப்பிடித்த பழைய கைப்பம்பு. ஜப்பான் பட்டாளம் போகும்போது சதுப்பில் விட்டுப்போனதாம், நீ தோண்டி எடுத்திருக்கிறாய். பக்கத்தில் புதிதாகச் செய்த பம்பு ஒன்று, முக்கால்வாசி முடிந்தது. அதில் நம் கொட்டகைப் பித்தளைக் குழாய் இருந்தது. வால்வு மட்டும்தான் பாக்கி. அதன் படத்துக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

"உன் கூட்டாளி உன்னைப் பற்றிச் சொன்னான்," என்றார் அந்தப் பெரியவர், மலாயில். "ரெங்காவின் அண்ணன் ஜப்பான்காரர்கள் கையில் செத்தான், இது ஜப்பான் பம்பைப் பார்த்துச் செய்தது என்று தெரிந்தால் மனசு கஷ்டப்படுவான், அதனால் தண்ணீர் வரும்வரை அவனிடம் சொல்ல வேண்டாம், வந்த பிறகு நானே சொல்லிக்கொள்கிறேன் என்றான். எடுத்துக்கொண்டு போகிறாயா? வால்வை நீ வரைந்து கொடு, நான் செய்து தருகிறேன்."

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொக்கியைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன். அந்த கேட்டில் பித்தளைக் குழாயோடு நிற்க எனக்குத் தைரியம் இல்லை. வேலியைப் பிரிக்கும்வரை நம் பெண்கள் அந்த ஒரே குழாயடியில்தான் நின்றார்கள். என் அம்மாவும் நின்றாள்.

இதற்கெல்லாம் ஜப்பான்காரனைத் திட்டினேன், வெள்ளைக்காரனைத் திட்டினேன், கிராணியைத் திட்டினேன். மூன்று பேரும் திட்டு வாங்க வேண்டியவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்தப் புத்தகத்தின் மேலும் சந்தேகம் போகவில்லை. வரிசையில் நிற்கவும் வாயைப் பொத்தவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்கள் முன்னேறியது அதனாலா? கழற்றிப் பார்ப்பதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. அவர்கள் மெஷினைக் கழற்றிப் பழகிய காலத்தில் அங்கேயும் எவனாவது ஒருவன் தன் கூட்டாளியைக் கைவிட்டானா, யார் பிள்ளைகள் அதற்குச் செத்தார்கள், அதுவும் எழுதவில்லை. ஆனால் நீ கற்றுக்கொள்ளச் சொன்னது சரிதான். அதை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், உனக்குக் கேட்கிற தூரத்தில்.

மூன்று மாதத்துக்கு முன் உன் மகனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தோட்டத்து முகவரிக்கு எழுதி, பல கை மாறி, ஓரமெல்லாம் கிழிந்து வந்து சேர்ந்தது. நீ கடைசிவரை ஓர் அரிசி ஆலையில் மெக்கானிக்காக இருந்தாயாம். தூக்கத்திலேயே போய்விட்டாயாம். அதைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு இப்படி எழுதியிருந்தான்: "உங்களைப் பற்றி அப்பா நிறையச் சொல்வார். சத்தத்தைக் கேட்டே எஞ்சின் கோளாறைச் சொல்லிவிடுவீர்களாம். மலாயாவிலிருந்து ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். அப்பா ஏதும் தப்புச் செய்தாரா? உங்களுக்குத் தெரிந்திருக்கும்."

என் புத்தி எப்படி என்று பார். பையன் எல்லாம் தெரிந்துகொண்டே ஆழம் பார்க்கிறானோ என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் உறைத்தது, நீ யாரிடமும் சொல்லவே இல்லை. உன் பிள்ளை உன்னையே சந்தேகப்படும்படி விட்டாயே தவிர, என் பெயரை எடுக்கவில்லை.

மூன்று முறை பதில் எழுதினேன். மூன்று முறையும் 'அந்தக் காலம் அப்படி, தம்பி' என்றுதான் பேனா தொடங்கியது. கிழித்துப் போட்டேன். இன்று விடிந்ததும் உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன். உங்கள் அப்பா எந்தத் தப்பும் செய்யவில்லை, குழாயடியில் நின்ற பெண்களுக்காக ஒரு பம்பு செய்தார், அது என்ன என்று கேட்டபோது தெரிந்தே தெரியாது என்று சொன்னவன் நான்.

உறையை ஒட்டியதும், மத்தியானம் நானே போய்த் தபாலில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் என்னென்ன யோசிப்பேன் என்று எனக்கே தெரியும். அதனால் பஸ்ஸுக்குக் கிளம்பிய மகளின் கையில் கொடுத்து, "இப்பவே போட்டுரும்மா. நான் திருப்பிக் கேட்டாலும் குடுக்காத," என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.