ராஜியை விட்டுவந்த மத்தியானம்

சித்திரபானு வருஷம், தை 6, செவ்வாய்

காலையில் மலையே தெரியாத அளவுக்குப் பனி. பூசத்துக்குக் காவடிக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. தெருவெல்லாம் தெலுங்குப் பேச்சு. இன்றைக்குச் செய்ய வேண்டியவை: ராஜியின் பச்சைப் பாவாடைக்கு ஓரம் மடித்தல், சீயக்காய் அரைத்தல், அவள் காதுப் புண்ணுக்கு மஞ்சள்.

பதினோரு மணிக்கு பாவா, அக்கா வீட்டுக்காரர், வந்தார். ரேணிகுண்டாவில் வேலையாம், வழியில் இறங்கினார். அக்கா சொல்லி அனுப்பிய சேதி: பட்டணத்தில் இனிமேல் குண்டு பயம் இல்லை, ஓடிப்போனவர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள், ராஜியின் பள்ளிக்கூடமும் திறந்தாயிற்று.

"சனிக்கிழமை மவுண்ட் ரோட்டுப் பெரிய கடைக்கு இட்டுகினு வந்துடும்மா. மாடியிலயே ஓட்டல் கீது. எல்லாரும் சாப்ட்டுட்டு, அப்பிடியே நாங்க வீட்டுக்கு இட்டுகினு போறோம்."

சரிங்க பாவா என்றேன்.

ராஜி நான் பெற்றவள். அது அவளுக்குத் தெரியாது. பிரசவ ஜுரத்தில் எனக்கு நினைவே இல்லை, பாலும் இல்லை. பிள்ளை இல்லாத அக்கா வந்து தூக்கிக்கொண்டு போனாள். உனக்குத்தான் அடுத்தது பிறக்குமே என்றார்கள். பிறக்கவில்லை. போன சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது அக்காவே கொண்டுவந்து விட்டாள். அன்றிலிருந்து என் பக்கத்தில்தான் படுக்கை. சின்னம்மா, சின்னம்மா என்று நாள் முழுக்க.

சாயங்காலம் எண்ணெய் வாங்க மறந்துவிட்டேன்.

தை 8, வியாழன்

பூசம். நானும் இவரும் ராஜியும் மலைக்கு. நல்ல நெரிசல். பாதிப் படியில் ராஜிக்குக் கால் வலி. இவர் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். இத்தனை மாதத்தில் அவளைத் தூக்கியதே இல்லை, ஆசை வந்துவிடும் என்று.

"சித்தப்பா, இங்கேர்ந்து எங்க ஊட்டு பீச்சு தெரியுமா?"

"தெரியாதும்மா. ரொம்ப தூரம்."

இறங்கும்போது இவரிடம் கேட்டேன், அக்காவிடம் பேசிப் பார்க்கட்டுமா என்று. அக்காவுக்குக் குடுத்த வாக்கு என்றார். நாலு படி இறங்கின பிறகு, "கேட்டுப் பாரு. நான் வர்ல. அங்க வந்து அழுதுடுவேன்."

தை 10, சனி

ரயிலில் இடமே இல்லை. அரக்கோணத்தில் வண்டி மாறினோம். அங்கே பட்டாளத்துக்காரர் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். ராஜி ஜன்னலோரம். அக்காவிடம் கேட்க வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். சென்ட்ரலிலிருந்து டிராம்.

கடை கோயில் மண்டபம் போல உயரம். கண்ணாடி ஜன்னல்களில் குண்டு விழுந்தால் சிதறாமலிருக்க ஒட்டிய காகிதப் பட்டைகள் இன்னும் அப்படியே. துணி, பீங்கான், சென்ட்டு, சைக்கிள் எல்லாம் ஒரே கூரைக்குள். வாசலில் அக்கா. பாதியாக இளைத்திருக்கிறாள். ராஜி "அம்மா" என்று ஓடினாள். ஓடத்தான் செய்வாள்.

மாடி ஓட்டல். வெள்ளை விரிப்பு, தலைக்கு மேல் விசிறி, தலைப்பாகை கட்டிய பேரர். சோறு கிடையாது. சூப்பு, ரொட்டி, காய்கறி கட்லெட்டு. பக்கத்து மேஜையில் துரைசானி ஒருத்தி. எனக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

"சின்னம்மா, முள்ளுக் கரண்டிய இந்தக் கையில புடிக்கணும்." ராஜிதான் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்குப் பழகின இடம்.

"இன்னும் கட்லெட்டு வேணுமா?" என்றார் பாவா.

"ஆங்." எங்கள் தெருவில் ஒட்டிக்கொண்ட பேச்சு.

"ஆமாம்னு சொல்லுடா கண்ணு" என்றாள் அக்கா. கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டேதான்.

ஐஸ்கிரீம் வந்தது. ராஜி அதில் முழுகியிருந்தபோது கேட்டுவிட்டேன். ரயிலில் சேர்த்துவைத்தது ஒன்றும் வரவில்லை. "அக்கா, இவ என்கிட்டயே இருக்கட்டும்க்கா" என்று மட்டும்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "தெனம் ராத்திரி அவ தட்டையும் சேத்து வெச்சுகினுதான்டி சாப்ட ஒக்காருவேன். நீ பெத்தவ. நீ கேட்டா நான் எப்பிடி இல்லன்னு சொல்றது? ஆனா எனக்கு இவள விட்டா யாருடி?"

இருவரும் அழக் கூடாத இடம். அழவில்லை.

பாவா ராஜி பக்கம் திரும்பினார். "கொழந்தையவே கேட்டுடலாமே. ராஜிம்மா, இங்க பாரு..."

"வேணாம் பாவா. கேக்காதீங்க."

ராஜி நிமிர்ந்து பார்த்தாள். உதட்டில் ஐஸ்கிரீம். "என்னா சின்னம்மா?"

"ஒண்ணுமில்ல. சாப்புடு."

அவள் யார் பேரைச் சொல்லியிருந்தாலும் எங்களில் ஒருத்தி எழுந்திருக்க முடியாமல் போயிருக்கும். அந்தப் பாவம் அவள் தலையில் எதற்கு. என் பேரைச் சொல்லியிருப்பாளோ. அதை நினைக்கக் கூடாது. நினைக்கிறேன்.

கீழே செருப்புப் பகுதி. ராஜியின் காலை மடியில் வைத்துக் கடைக்காரர் கறுப்பு பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். "சின்னம்மா, பாரேன், சத்தம் வருது." தரையில் தட்டிக் காட்டினாள். அக்கா என் கையை அழுத்தி, இப்பவே கிளம்பிடு, பூட்ஸ் மும்முரத்துல இருக்கா என்றாள். கிளம்பினேன். வாசல் தாண்டும்போது பின்னால், "சின்னம்மா எங்கம்மா?"

திரும்பவில்லை.

தை 11, ஞாயிறு

தலைவலி. இவர்தான் சமைத்தார். ரசத்தில் உப்பில்லை. இருவரும் சாப்பிட்டு முடித்தோம். பச்சைப் பாவாடை கொடியிலேயே தங்கிவிட்டது. இவர் அதை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

தை 12, திங்கள்

பனி குறைவு. பால்காரி மங்கம்மா வந்தாள்.

"பாப்பா எங்கம்மா? எழுந்துக்கலியா?"

பட்டணம் போய்விட்டாள் என்றேன்.

"அடடா. பெத்த பொண்ணு கணக்கா பாத்துகினு இருந்தியே."

"என் பொண்ணுதான் மங்கம்மா. நான் பெத்தவதான்." இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அடுப்படியில் இவர் பாத்திரச் சத்தம் நின்றது.

மங்கம்மா செம்பைக் கீழே வைத்தாள். "தெரியும்மா. மூக்கப் பாத்தாலே தெரியுதே. தெருவுக்கே தெரியும். நீ சொல்லலன்னுதான் யாரும் கேக்கல."

மறுபடி செம்பை எடுத்துக்கொண்டாள். பிறகு, எப்போதும் போல அரைப்படிதானே என்றாள்.

இரண்டு பேருக்கு ஆழாக்கு போதும் என்றேன்.