ஆப்பரேஷனுக்கு முந்திய விரதம்

மச்சான்,

இன்று காலை லகாட் பட்டணத்துக் கோப்பிக் கடைக்குள் நுழைந்ததும், கிச்சாப்புச் சோயா சாறும் மிளகுத்தூளும் கலந்த அரைவேக்காட்டு முட்டை வாசம் மூக்கில் ஏறியது. பார்த்தால் நம் கோயில் தலைவர். எதிரே நான்கு முட்டைகள். "அடுத்த மாசம் வயித்துல ஆப்பரேஷன்லா தம்பி. டாக்டர் சத்தா சாப்பிடச் சொல்லிட்டாரு" என்றார். முகத்தில் கூச்சமே இல்லை. உன்னைப் பட்டினி போட்ட அதே வாய்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

உனக்குக் குடலில் கட்டி என்று தெரிந்தபோது, ஆஸ்பத்திரியில் அந்த உணவு ஆலோசகப் பெண் எவ்வளவு பொறுமையாகச் சொன்னாள்! "அண்ணே, இந்த மூனு வாரமும் முட்டை, மீனு, பாலு நல்லா சாப்பிடுங்க. உடம்புல தெம்பு இருந்தாத்தான் வெட்டுன இடம் ஆறும்." தாளிலும் எழுதிக் கொடுத்தாள். நீ அதைக் கொண்டுபோய்த் தலைவரிடம் காட்டினாய், அறிவாளி! கோயிலுக்குத் தலைவர் என்றால் உன் குடலுக்குமா தலைவர்? அவர் அதை வாசிக்கக்கூட இல்லை. "கவுச்சிய விடு. ஒரு வேளைதான் சோறு. ஆத்தா பாத்துக்குவா" என்று கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டார். செமோர் ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து எத்தனை வருஷம்! இன்னும் யாராவது கங்காணி மாதிரி உத்தரவு போட்டால்தான் நமக்கு நிம்மதி.

மூன்று வாரத்தில் உன் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. "நல்லா சாப்பிடுறீங்களா?" என்று தாதி கேட்டபோது வெட்கமில்லாமல் தலையாட்டினாய். ஆப்பரேஷன் ஒழுங்காகத்தான் முடிந்தது. தையல்தான் ஒட்டவில்லை, பிரிந்தது, சீழ் வைத்தது. "உடம்புல ஒன்னுமே இல்லையே, எதை வச்சு ஆறும்?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். உன் சாவு வீட்டில் தலைவர் எல்லாம் ஆத்தாவின் சித்தம் என்று சொல்லிவிட்டு, இரண்டு கோப்பை கோப்பி குடித்துப் போனார்.

இன்று அவரை நாலு பேர் முன்னால் நன்றாகக் கேட்டுவிட்டேன். மனம் ஆறவில்லை.

விரதத்தின் பத்தாம் நாள், வேலை முடிந்து வரும் வழியில் என் மோட்டார் சைக்கிளை நிறுத்தச் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? "மச்சான், தலை சுத்துது. ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு வாங்குலா, யாருக்கும் சொல்லாத." கடை எதிரேதான் இருந்தது. "பொறுத்துக்கடா, ஆத்தா கோவிச்சுக்குவா."

அதைச் சொன்னது தலைவர் இல்லை மச்சான், நான். என் தோளைப் பிடித்திருந்த உன் கை நடுங்கியது. அந்த நடுக்கம் இன்னும் என் தோளில் இருக்கிறது. பசியில்தான் நடுங்குகிறாய் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் வண்டியை நிறுத்தவில்லை.